மாமா கடையில் இருக்கிறார்

"அக்கா, அந்தப் பிளக்கைக் கொஞ்சம் கழட்டுங்க. நம்ம பெட்டிக்குப் பெரிய பிளக்கு, இதுல மட்டும்தான் ஏறும்," என்றான் ஐஸ் பெட்டி கொண்டுவந்தவன்.

மருமகள் குனிந்தாள். கையும் பிளக்கின் மேல் போய்விட்டது. போன பிறகுதான் அது எந்தப் பிளக் என்று உறைத்தது. சுட்டது போல் கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இது வேணாம்."

"வேற எங்க இருக்கு?"

"சமையல்கட்டுல. ஃபிரிட்ஜைக் கழட்டிட்டு அதுல போட்டுக்குங்க."

அவன் கூடத்துச் சுவரையும் சமையலறை வாசலையும் கண்ணால் அளந்தான். "இவ்வளவு பக்கத்துல வச்சுக்கிட்டு அங்கேர்ந்து எதுக்குக்கா இழுக்கணும்? வர்ற போறவங்க கால்ல வயர் மாட்டும்."

நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்த கணவன் திரும்பிப் பார்த்தான். "என்ன ஆச்சு?"

"மாமாவோட கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டிருக்கு. இதைப் பிடுங்கினா நின்னுடும்."

"நின்னா?"

நியாயமான கேள்விதான். "ஓடட்டுமே," என்றாள்.

காலையில் முதல் வண்டி பிடித்து வந்து சேர்ந்திருந்த நாத்தனார், மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணி, ஃபிரிட்ஜுல பால் இருக்கே. வர்றவங்களுக்கு டீ போட வேணாமா? கெட்டுடும்."

"கெட்டா கெடட்டும்."

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அதனாலேயே யாரும் மேற்கொண்டு வாதாடவில்லை. ஐஸ் பெட்டிக்காரன் தோளைக் குலுக்கிவிட்டுச் சமையலறைப் பக்கம் வயரை இழுத்தான். ஃபிரிட்ஜ் ஒரு முறை உடம்பை உலுக்கி அடங்கியது. கூடத்தில் மாமா படுத்திருந்த கண்ணாடிப் பெட்டி முனக ஆரம்பித்தது.

கணவன் வான நீலச் சட்டை போட்டிருந்தான். லிஃப்ட் கம்பெனியில் பழுது பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கும் சட்டை. காலையில் கைக்கு அகப்பட்டதை மாட்டியிருந்தான். இரண்டு கைகளிலும் மடிப்பு, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி நின்றது. நேற்று மாலை அவள் தேய்த்தது. அந்த மடிப்பை மட்டும் பார்க்காமல் அவனோடு பேச அவள் காலையிலிருந்து பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா டெலிபோன் ஆபீசில் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி போன பிறகு வாசல் பக்கத்துச் சின்ன அறைதான் அவருக்கு உலகம். ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜைமேல் மஞ்சளேறிப்போன ஒரு பழைய கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் வரும். ஆபீசை இழுத்து மூடியபோது குப்பையோடு குப்பையாகக் கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தார். அதன் முதுகில் தொங்கும் தடித்த வயரின் முனையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதன் நெற்றியில் ஒரு நீல விளக்கு. வீட்டில் அதற்குப் பெயரே தீப்பெட்டிதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் ஒரு தடவை கேட்டாள், "அது என்ன வேலை செய்யுது மாமா?"

"இந்தக் கிழவனுக்கு டெலிபோன் ஒண்ணுதான் தெரியும்மா," என்று கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினார். "நம்பர் போட்டா அந்தப் பக்கம் மணி அடிக்கணும், யாராவது எடுக்கணும். இப்ப அந்த லைனெல்லாம் எங்க இருக்கு? நான் வேலை பார்த்த கட்டடத்தையே இடிச்சு வண்டி நிறுத்துற இடமாக்கிட்டான். அதனால தீப்பெட்டி நடுவுல உக்காந்துக்கிட்டு, 'நான்தான் டெலிபோன், நம்பரைச் சொல்லு'ன்னு இவன்கிட்ட சொல்லும். அந்தப் பக்கம் திரும்பி நம்ம வீட்டு வைஃபைகிட்ட அதோட பாஷையில பேசும். இது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்ததே கிடையாது."

"அப்ப நடுவுல இருக்கறது பொய் சொல்லுதுன்னு சொல்லுங்க."

"பொய்தான். பேச்சு போய்ச் சேருதுல்ல?"

அந்தப் பேச்சு போய்ச் சேருகிற இடத்துக்குக் 'கடை' என்று பெயர். எந்த ஊரிலோ ஒருவர் தன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தார். இதே மாதிரிக் கிழட்டுப் பெட்டி வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் அவரவர் ஊரிலிருந்து தினமும் அங்கே போய் உட்கார்ந்து எழுத்தில் அரட்டை அடிப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமா, "கடைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போவார். யாராவது போனில் கேட்டால், "மாமா கடையில இருக்கார்" என்று மருமகளும் சொல்லிப் பழகிவிட்டாள். இவருக்கு ஏதோ மளிகைக் கடை இருக்கிறது என்றே உறவில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறையில் பிளக் கிடையாது. கூடத்திலிருந்து போகும் வயர் கதவுக்கு அடியில் நுழைந்து, மேஜைக்குக் கீழே மூன்று துளைப் பலகையில் முடியும். அதில் ஒரு துளை கருகிப்போனது. ஒன்று கம்ப்யூட்டருக்கு. ஒன்று தீப்பெட்டிக்கு. மருமகள் மாமாவின் கட்டிலில் போர்வையை விரித்துத்தான் துணி தேய்ப்பாள். தீப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி அங்கே இஸ்திரிப் பெட்டியைச் செருகுவாள். "தாராளமா தேய்ம்மா. முடிச்சதும் அதை மறுபடி செருகிடு, அவ்வளவுதான். எனக்குக் குனிஞ்சா தலை சுத்துது" என்று மாமா சொல்லியிருந்தார். இத்தனை நாளில் அவள் மறந்ததில்லை.

நேற்று மறந்தாள். சட்டையின் இரண்டாவது கையைத் தேய்க்கும்போது அடுப்பில் ஏதோ பொங்கி வழியும் சத்தம். இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். அடுப்பைத் துடைத்தாள், சாப்பாடு போட்டாள், மாமா கை கழுவினார், "கடைக்குப் போறேன்" என்றார். அவள் படுத்துவிட்டாள்.

காலையில் டீ எடுத்துக்கொண்டு போனபோது மாமா தரையில் இருந்தார். இடுப்பு வரை மேஜைக்கு அடியில். வலது கை பலகையைப் பார்த்து நீண்டிருந்தது. பிளக் துளையில் இருந்தது. நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமாவைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் அந்த விளக்கைத்தான் பார்த்தாள். இது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

டாக்டர் வந்து, "இதயம்தான். ராத்திரி எப்பவோ போயிருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எப்பவோ. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மருமகள் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தாள். மாமா குனிந்து, பிளக்கைச் செருகி, அப்படியே எழுந்திருக்காமல் போனாரா? அல்லது செருகிவிட்டு எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கடைக்குப் போய்ப் பேசி முடித்து, அப்புறம் வேறு எதற்கோ எழும்போது விழுந்தாரா? இரண்டாவது என்றால் அது மாமாவின் நேரம். முதலாவது என்றால், கணவன் போட்டிருக்கும் சட்டையின் மடிப்பு.

இது போதாதென்று நாத்தனார் வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருந்தாராம். சாப்பிட்டாராம். கீழ எதுக்குப் போனார் எங்கப்பா? மேஜைக்கு அடியில என்ன இருக்கு?"

வந்தவர்களும் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். "ஏதாவது உருண்டு விழுந்திருக்கும்," என்றார் எதிர்வீட்டு ஓட்டுநர். கீழ்வீட்டுத் தையல்காரர், "எனக்கு ஊசி விழுந்தா நானும் அப்படித்தான் மேஜைக்கு அடியில போவேன். வயசான காலத்துல குனியவே கூடாது" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே ஒரு முறை குனிந்து நிமிர்ந்து காட்டினார். "கண்ணாடி விழுந்திருக்கும்," என்றாள் ஒரு பெரியம்மா. எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. கண்ணாடிதான் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

கண்ணாடி என்றதும் மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளே கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். மாமாவுக்கு இரண்டு கண்ணாடி அவள் கையால் செய்து கொடுத்திருந்தாள். ஒன்று நடமாட. இன்னொன்று அந்தப் பச்சை எழுத்துக்கென்றே, முழங்கைத் தூரத்துக்கு அளவெடுத்தது. மாமா அடம்பிடித்து இரண்டுக்கும் ஒரே மாதிரி ஃபிரேம் கேட்டார். அந்தப் பச்சை எழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் தரையில் இறங்கமாட்டார். போட்டால் தரை தூக்கிக்கொண்டு வருகிறது என்பார். எழுத்துக் கண்ணாடி என்றால் கடையில் உட்கார்ந்துவிட்டு விழுந்தவர், நடமாடும் கண்ணாடி என்றால் பிளக்குக்குக் குனிந்தவர். அப்படியானால் காலையில் அவர் முகத்தில் எது இருந்தது?

அறைக்குள் போய்ப் பார்த்தாள். இரண்டும் மேஜைமேல் அக்கம்பக்கமாகக் கிடந்தன.

கணவனைச் சமையலறைக்கு இழுத்து வந்தாள். "காலையில மாமா முகத்துலேர்ந்து கண்ணாடியைக் கழட்டினது நீங்கதானே?"

"ஆமா."

"எந்தக் கண்ணாடி?"

"எந்தக் கண்ணாடின்னா? அவரு கண்ணாடி."

"ரெண்டு இருக்குல்ல. நீங்க வச்சது இடது பக்கம் இருக்கறதா, வலது பக்கமா?"

அவன் அவளைப் பார்த்தான். காய்ச்சல்காரியைப் பார்க்கிற பார்வை. "அப்பா செத்துக் கிடக்கார். இப்பவும் உனக்குக் கண்ணாடிக் கடைப் புத்தியா?" என்றான். கோபமாகக்கூட இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். சட்டைக்கை அவள் முகத்துக்கு நேரே வந்தது.

"என்னங்க, நேத்து உங்க சட்டை தேய்க்கறப்ப..."

"நல்லாத்தான் இருக்கு. இதை ஏன் இன்னிக்குப் போட்டேன்னு கேக்கறியா? வேற எதுவும் கிடைக்கலை." யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

பதினோரு மணி வெயிலில் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, தலைக்கவசத்தைக் கழற்றியபடியே படியேறி வந்தாள். தோளில் கருவிப் பை. கையெல்லாம் இரும்புக் கறை. வாசலில் கிடந்த செருப்புக் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு யாரைக் கேட்பது என்று தெரியாமல் முதலில் அகப்பட்ட மருமகளிடம் கேட்டாள்:

"இங்க லைன்மேன்னு ஒருத்தர்... தீப்பெட்டி செய்வாரே... எரியுதா அது?"

"எரியுதுங்க," என்றாள் மருமகள்.

"நினைச்சேன். ராத்திரியிலேர்ந்து அவர் பேர் கடையில இருக்காம். இந்நேரம் வரைக்கும் இருக்கு. கூப்பிட்டா பதில் இல்லை. இவ்வளவு நேரம் உக்காரமாட்டாரே, ஏதாவது மக்கர் பண்ணுதோன்னு பார்க்கத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவள் மருமகளின் தோளுக்கு மேலே கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டாள். வாக்கியம் பாதியில் நின்றது. தலைக்கவசத்தை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நேர்ல பார்க்கறது இதான் முதல் தடவை," என்றாள். "எனக்குத் தீப்பெட்டி பண்ணி அனுப்பினப்ப கவர்ல முகவரி போட்டிருந்தார். ஒரே ஊர்தான். ஒரு நாள் வரணும் வரணும்னு..."

நாத்தனார் கிசுகிசுத்தாள். "அண்ணி, யாரு இது?"

"கடைக்கு வர்றவங்க."

"எந்தக் கடைக்கு? உங்க கடைக்கா?"

"மாமா கடைக்கு."

நாத்தனாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பெண்மணி கடைகளுக்குப் போய்த் தராசு பழுது பார்க்கிறவள். கடையில் அவளுக்குத் தராசு என்றே பெயர். அதை அவளே சொன்னதும் நாத்தனாரின் குழப்பம் இரண்டு மடங்கானது.

மருமகள் அதற்குள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் பெயர் ராத்திரி கடையில் இருந்திருக்கிறது. அப்படியானால் போயிருக்கிறார். எழுந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார். தராசுக்காரம்மாவின் கையைப் பிடித்து அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நேத்து ராத்திரி மாமா வந்தாரா? நல்லாத் தெரியுமா உங்களுக்கு?"

"பேர் வந்துச்சும்மா."

"பேர் வந்தா ஆள் வந்ததுதானே?"

தராசுக்காரம்மா மேஜையைப் பார்த்தாள். தீப்பெட்டியை ஒரு விரலால் தொட்டாள். "அப்படிச் சொல்ல முடியாது. இதுக்குக் கரண்டு வந்தாப் போதும், தானாவே நம்பர் போட்டுடும். உங்க மாமா அப்படிப் பண்ணி வச்சிருக்கார். எனக்கும் அதே மாதிரிதான் பண்ணிக் கொடுத்தார். கரண்டு போய்ட்டு வந்தாக்கூடப் பேர் உள்ள போய் உக்காந்துக்கும். அதனாலதான் எங்களுக்குள்ள ஒரு வழக்கம். உள்ள வந்ததும் ஒரு புள்ளி வைக்கணும். புள்ளி இருந்தா ஆள் வந்தாச்சு. வெறும் பேர்னா மெஷின் மட்டும்தான் வந்திருக்கு."

"மாமா புள்ளி வச்சாரா?"

"தெரியலையே. எங்க பக்கம் நேத்து சீக்கிரமே கரண்டு போயிடுச்சு. விடிஞ்சுதான் பார்த்தேன்."

"இதுல பார்த்தாத் தெரியாதா?" மருமகள் திரையைக் காட்டினாள். பச்சை எழுத்து மேலிருந்து கீழ் வரை நிறைந்திருந்தது. தமிழைத்தான் அவர்கள் இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள். அதிலும் பாதி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். அவள் எத்தனையோ முறை எட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தைகூடப் பிடிபட்டதில்லை.

தராசுக்காரம்மா கிட்டப் போய்ப் படித்தாள். "எல்லாம் மத்தவங்க எழுதினது. 'லைன்மேன் எங்கய்யா'... 'தூங்கிட்டாரா'... 'கொறட்டை இங்க கேக்குது'..." குரல் மாறியது. "ராத்திரி பூராக் கிண்டல் பண்ணியிருக்காங்க. இந்தக் கிழட்டுப் பெட்டி ஒரு திரை அளவுதான் வச்சிருக்கும். கீழ ஒரு வரி வந்தா மேல ஒரு வரி போயிடும். புள்ளி வச்சிருந்தாலும் அது எப்பவோ மேல போயிருக்கும்."

முதலில் கண்ணாடி, அப்புறம் திரை. கையில் எதைப் பிடித்தாலும் வழுக்கிக்கொண்டு போனது. மருமகள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான்தான் அதைக் கழட்டினேன்," என்றாள்.

"எதை?"

"தீப்பெட்டியை. துணி தேய்க்க. திருப்பிச் செருகலை. அவருக்குக் குனிஞ்சா ஆகாது. காலையில கீழ கிடந்தார்." அவள் குரல் கண்ணாடி விலை சொல்கிற குரல் போலச் சமமாக இருந்தது. "புள்ளி வச்சாரான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

தராசுக்காரம்மா தோளில் தொங்கிய பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேஜைக்கு முன் உட்கார்ந்தாள். விசைப்பலகைமேல் விரலை வைத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"நான் எதை அடிச்சாலும் அவர் பேர்லதான் போகும்," என்றாள். "புள்ளி மட்டும் வைக்கமாட்டேன்."

ஒரு வரி அடித்தாள். உடனே நான்கைந்து வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"என்ன சொல்றாங்க?"

"அவர்தான் எழுந்துட்டார்னு நினைச்சுட்டாங்க. 'கும்பகர்ணன் வந்தாச்சு'ன்னு ஒருத்தன். 'புள்ளி வைக்காம உள்ள வந்ததுக்கு அபராதம்'னு ஒருத்தன்." மறுபடி அடித்தாள். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு விசையாக. அந்தப் பழைய விசைகள் ஆணி அடிக்கிற மாதிரிச் சத்தம் போட்டன.

திரை நின்றுவிட்டது. வெளியே ஐஸ் பெட்டியின் முனகல் கேட்டது. பிறகு ஒரு புதிய வரி வந்தது. அதில் ஒரே ஒரு புள்ளி. அதற்குக் கீழே இன்னொரு வரி, இன்னொரு புள்ளி. மூன்றாவது. நான்காவது.

"இது என்ன?"

"எல்லாரும் வந்திருக்காங்க," என்றாள் தராசுக்காரம்மா.

ராத்திரி முழுக்கக் கடையில் இருக்கிறவர் ஒருவர்தானாம். ஏதோ ஓர் ஊரில் தங்கும் விடுதியில் இரவு நேரக் கணக்கர். கடையில் கொசு என்று பெயர். யார் வந்தார்கள், யார் புள்ளி வைத்தார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் பகலில் தூங்குவார். "எழுப்பச் சொல்லியிருக்கேன். அவர் வீட்டு நம்பர் ஒருத்தர்கிட்ட இருக்கு," என்றாள். இருவரும் காத்திருந்தார்கள்.

நாத்தனார் கதவைத் திறந்தாள். "அண்ணி, இங்க என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? வண்டி வந்துடுச்சு. அண்ணன் தேடுறான்." திரையைப் பார்த்தாள். "இன்னுமா இது ஓடுது?"

"ஒரு நிமிஷம்," என்றாள் மருமகள்.

"எப்பப் பார்த்தாலும் ஒரு நிமிஷம்! எங்கப்பா கீழ எதுக்குப் போனார்னு கேட்டா ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தெரியலை. இந்தப் பெட்டியை மட்டும் எல்லாரும் பார்த்துக்கிட்டே இருக்கீங்க!" அவள் காலையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாளே தவிர, ஒரு முறைகூட வாய்விட்டு அழுதிருக்கவில்லை.

கணவனும் அவள் பின்னால் வந்து நின்றான். "கிளம்பணும்," என்றான்.

திரையில் ஒரு வரி வந்தது.

சின்ன வரி. ஐந்தாறு எழுத்துதான் இருக்கும். தராசுக்காரம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல், சத்தமாகப் படித்தாள்:

"ராத்திரி வந்தார். புள்ளி வச்சார். தீப்பெட்டி வயர் லூசா இருந்துச்சு, குனிஞ்சு செருகிட்டு வந்தேன்னு சொன்னார். அரை மணி நேரம் எங்களோட பேசிக்கிட்டிருந்தார். நல்லாச் சிரிச்சார். மருமக சாப்பாடு இன்னிக்குப் பிரமாதம்னு சொன்னார்."

மருமகள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு, வண்டி ஓட்டும் உரிமத்துக்காகக் கண் பரிசோதிக்க வருகிறவர்கள் உண்டு. சிலர் வெளியே காத்திருக்கும்போதே எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்துவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க அவளுக்கு லென்ஸ் எதுவும் வேண்டாம். படிக்கிறவன் கண் எழுத்தோடு நகரும். ஒப்பிக்கிறவன் கண் ஒரே இடத்தில் நிற்கும், வாய் மட்டும் நகரும்.

தராசுக்காரம்மாவின் கண் நகரவில்லை.

ஆனால் அவர்கள் எழுத்தைச் சுருக்குகிறவர்கள் ஆயிற்றே. ஒரு முழுப் பேச்சை ஐந்து எழுத்தில் அடைத்துவிடுவேன் என்று மாமாவே பெருமை அடித்துக்கொண்டதுண்டு. அந்தக் கொசு அப்படி அடைத்து அனுப்பியிருக்கலாம். பழகிய கண் ஒரே பார்வையில் படித்திருக்கலாம். 'எங்க, எந்த எழுத்து என்னன்னு காட்டுங்க' என்று கேட்டால் தெரிந்துவிடும். நாக்கு நுனி வரை வந்தது. தராசுக்காரம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். இரும்புக் கறை படிந்த இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"பேசினாரா?" என்றாள் நாத்தனார். "சிரிச்சாரா எங்கப்பா?"

"சிரிச்சாராம்மா."

நாத்தனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு, குழந்தை மாதிரி, மூச்சு திணறத் திணற அழுதாள். கணவன் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான். அவள் கண்ணீரும் மூக்குச் சளியும் அந்த நீலச் சட்டைக்கையில் படிந்து, மடிப்பு கசங்கிப்போயிற்று.

"வயர் லூசா இருந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் சரி பண்ணியிருப்பேனே," என்றான் அவன், யாரிடம் என்றில்லாமல்.

மருமகள் வாயைத் திறந்தாள். தராசுக்காரம்மா குனிந்து தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நேரமாகுது, வாங்க" என்றாள்.

வந்தவர்கள் எல்லோரும் போனார்கள். ஐஸ் பெட்டிக்காரன் வயரைச் சுருட்டிக்கொண்டு போனான். சமையலறையில் ஃபிரிட்ஜ் மறுபடி உடம்பை உலுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பால் திரிந்திருந்தது. கொட்டிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மாலையில் கணவன் எல்லாம் முடித்துத் திரும்பினான். குளித்துவிட்டு வந்து, கசங்கிய நீலச் சட்டையை அவளிடம் நீட்டினான். "ஒரு இடத்துல லிஃப்ட் பாதி வழியில நிக்குதாம். அனுப்ப ஆள் இல்லையாம். நாளைக்குக் காலையில போய்ட்டு உடனே வந்துடறேன்னு சொல்லியிருக்கேன்."

அவள் சட்டையை அலசி, உதறி, மின்விசிறிக்குக் கீழே காயப் போட்டாள். காய்ந்ததும் கையில் எடுத்துக்கொண்டாள். மறு கையில் இஸ்திரிப் பெட்டி. கால் பழக்கத்தில் மாமாவின் அறைக்குள் போயிற்று.

அறை இருட்டிக்கொண்டு வந்தது. மேஜைக்கு அடியில் மூன்று துளைப் பலகை. ஒன்று கருகியது. ஒன்றில் கம்ப்யூட்டர். ஒன்றில் தீப்பெட்டி. நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரையில் புள்ளிகளுக்குக் கீழே புதிதாகச் சில வரிகள் வந்திருந்தன. மாமாவின் பெயர் மேல் ஓரத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது.

இஸ்திரிப் பெட்டியைத் தரையில் வைத்தாள். சட்டையைக் கட்டிலில் விரித்துக் கையால் நீவினாள். கையோடு கை சேர்த்து, காலரை நேராக்கி, நான்காக மடித்தாள். மெத்தையின் ஓரத்தைத் தூக்கி, சட்டையை உள்ளே தள்ளி, மெத்தையை மேலே விட்டாள்.

சட்டை படிய வேண்டுமே. அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.